உள்ளானும் உள்ளமும்

ஒரு செயல் ஆகுமானதா, ஆகாததா என்னும் கேள்வி மார்க்கப் பற்றுள்ள இல்லங்களில் நாள்தோறும் எழுகின்றது. விடை கிடைத்ததும் பேச்சு முடிந்துவிட்டதாக நம்மிற் பலர் எண்ணிவிடுகின்றோம். ஹராம் என்றால் கையை மடக்கிக்கொள்கிறோம். ஹலால் என்றால் நீட்டிவிடுகிறோம். ஆயினும், ஆகும் என்று தெளிந்த பின்னரும் எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. "எனக்கு இப்போது தெரிந்திருப்பவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, இதனைச் செய்வது எனக்குத் தகுமா?" என்பதே அது. முதற் கேள்விக்கு ஆலிமிடம் விடை பெறலாம். இரண்டாவது கேள்விக்கு அவரவர் தம் உள்ளத்திடமே விடை பெற வேண்டும். இக்கேள்வியை உள்ளான் என்னும் சிறு கரைப்பறவையை முன்னிறுத்தி ஈண்டு ஆராய முற்படுகின்றேன்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரணியத்துக்குத் தெற்கே, நம் கடற்கரை திடீரென மேற்கு நோக்கி வளையும் மூலையில் கோடியக்கரை அமைந்துள்ளது. ஒருபுறம் வங்கக் கடல்; மறுபுறம் பாக்கு நீரிணை; இடையே காடும் சதுப்பும் உப்பளமும். தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என நம்மவர் நெருங்கி வாழும் ஊர்கள் இக்கரையோரத்திலேயே உள்ளன. இவ்விடம் 1967-ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெளிமான்களுக்குப் பெயர் பெற்ற இக்காட்டுக்கு உலகப் புகழ் வந்தது அங்கே வந்திறங்கும் பறவைகளால்தான்.

வடபுலத்தில் இலையுதிர் காலம் தலைகாட்டுமுன்பே அப்பறவைகள் புறப்பட்டுவிடுகின்றன. ஆடி, ஆவணியில் முதற்கூட்டங்கள் நம் கரையை அடையும். புரட்டாசி, ஐப்பசியில் கூட்டம் பெருகும். பறவைகள் பருவந்தோறும் தெற்கே போய் வடக்கே மீளுகின்றன என்பது நம் முன்னோர்க்குத் தெரியாததன்று. நாரையைத் தம் மனைவியிடம் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர் அதனை அறிந்தே பாடினார். ஆனால், எங்கிருந்து, எவ்வழியாக, எத்தனை தொலைவு என்பன அவருக்கு எட்டாதவை. அவை நமக்கு எட்டியிருக்கின்றன. இந்த வேறுபாடுதான் இக்கட்டுரையின் கரு.

ஓர் ஐப்பசி நாளில், மாணவர் சிலருடன் அக்கரையில் காலைமுதல் மாலைவரை கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். முந்திய இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காட்டு விளிம்பின் ஈர இலைச்சருகுகளில் ஆறுமணிக் குருவி ஒன்று களைத்துப்போய் நின்றது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் செல்லும் பறவை அது. பச்சையும் நீலமும் செம்மையும் கலந்த அதன் நிறத்தைக் கண்ட பிள்ளைகள் கூவிவிடப் போனார்கள். எங்களை அழைத்துச் சென்ற பெரியவர் உதட்டில் விரல் வைத்துத் தடுத்தார். "இராத்திரி முழுக்கப் பறந்து வந்திருக்கும். இப்ப விரட்டினா, இன்னும் தின்னாத வயித்தோட மறுபடி பறக்கணும்" என்றார்.

சதுப்பை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. காற்று நீரை ஒதுக்கிவிட்டிருந்த சேற்றுப் பரப்பில் ஆயிரக்கணக்கான பறவைகள். முதற்பார்வைக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தொலைநோக்கியை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்க்கப் பார்க்க வேற்றுமைகள் புலப்பட்டன. கொசு உள்ளான் தையல் ஊசிபோல் சேற்றின் மேற்பரப்பைக் கொத்திக்கொண்டே ஓடுகிறது. உப்புக்கொத்தி சிறிது ஓடி, நின்று, உற்று நோக்கிப் பிறகு கொத்துகிறது. பவளக்காலியும் பச்சைக்காலியும் கணுக்கால் நீரில் நடக்கின்றன. நீண்ட அலகுடைய மூக்கன் சேற்றுக்குள் அலகை முழுவதும் செலுத்திப் புழுவை இழுக்கிறது. அப்பால் ஆழ்ந்த நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகால் நீரைச் சலித்து உண்கின்றன. ஒரே விரிப்பில் அமர்ந்தும், ஒருவர் தட்டில் மற்றவர் கை வைக்காத விருந்தினரைப் போல அவை தோன்றின.

அவற்றுள் மிகச் சிறியதான கொசு உள்ளானைப் பற்றிப் பெரியவர் கூறியவற்றைப் பிள்ளைகள் நம்ப மறுத்தனர். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். ஒரு சிறு எலுமிச்சம்பழத்தைவிடக் குறைவு. அது முட்டையிடுவது வட துருவத்தை அடுத்த, மரமே வளராத பனிவெளியில். சைபீரியாவின் வடகோடியிலிருந்து கோடியக்கரைக்குள்ள தொலைவு ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். இவ்வினங்கள் பலவற்றில் தாய் தந்தையர் முன்னரே புறப்பட்டுவிடுகின்றனர். அவ்வாண்டு பிறந்த குஞ்சுகள் பின்னர்த் தாமே கூடிப் புறப்படுகின்றன. வழிகாட்ட மூத்த பறவை இல்லை. காணாத கரையை நோக்கி அவை வருகின்றன, வந்தும் சேர்கின்றன. 2022-ஆம் ஆண்டு, பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் புறப்பட்டு, 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து தாஸ்மேனியாவை அடைந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அதே இனத்துப் பறவைகள் நம் கரைக்கும் வருகின்றன.

நண்பகல் உணவின்போதுதான் அக்கேள்வி வந்தது. கரையோர ஊர்ப் பிள்ளை ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஹஜ்ரத், உள்ளான் கறி ஹலால்தானே? எங்க வாப்பா சின்ன வயசுலே நிறையச் சாப்பிட்டதாச் சொல்வாங்க." மற்றவர்கள் சிரித்தனர். சிரிப்பதற்குரிய கேள்வியன்று அது. நம் கரையோர ஊர்களில் உள்ளானும் கொக்கும் மடையானும் அடுப்பேறிய காலம் நெடியது. சில இடங்களில் மறைவாக இன்றும் ஏறுகின்றன.

அவனுக்கு நேரான விடையையே கூறினேன். உள்ளான், வேட்டை நகத்தால் இரையைக் கிழிக்கும் பறவையன்று. ஆதலின் முறைப்படி அறுக்கப்பட்டால் அதன் இறைச்சி ஆகுமானதே. ஷரீஅத் ஆகுமாக்கியதை, மனம் இளகுகிறது என்பதற்காக ஆகாதது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பிக்ஹு அறிஞர் இத்தகையவற்றை 'முபாஹ்' என்பர். செய்தால் குற்றமில்லை, விட்டாலும் குற்றமில்லை என்பது அதன் பொருள். இதன் பின்பாதியைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆகுமானது என்பது அனுமதி. அனுமதி பெற்றவன் அதனைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பதில்லை.

அனுமதிக்கும் இடமும் காலமும் உண்டு என்பதை நம் மார்க்கமே நமக்குப் பயிற்றுவிக்கின்றது. வேட்டைப் பிராணி பொதுவில் ஆகுமானது. ஆனால், இஹ்ராம் பூண்ட ஹாஜி தரையில் வேட்டையாடலாகாது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் எவருமே வேட்டையாடலாகாது; அங்குள்ள பறவையை வெருட்டுதலும் கூடாது. மான் அதே மான்; புறா அதே புறா. மாறியது மனிதனின் நிலையும் நிற்கும் இடமுமே. கோடியக்கரையை ஹரம் எல்லையோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டா. ஆகுமான பொருளின்முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு வணக்கமாகலாம் என்பதை ஒவ்வொரு ஹாஜியும் தம் உடலாலேயே பயின்று வருகிறார் என்பதை நினைவூட்டவே இதனைச் சொன்னேன்.

கி.பி. 1405-இல் மறைந்த எகிப்திய அறிஞர் கமாலுத்தீன் அத்தமீரீ, உயிரினங்களைப் பற்றி 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலை அரபு அகர வரிசையில் இயற்றினார். ஓர் உயிரின் பெயர்க்காரணம், இயல்பு, அதனைப் பற்றிய செய்திகள், உண்ணலாமா என்னும் சட்டம், பழமொழி, மருத்துவப் பயன், கனவில் கண்டால் பலன் என்று தலைப்புத் தலைப்பாக விரித்துச் செல்வது அவர் முறை. அதில் உண்ணலாமா என்பது பல தலைப்புகளுள் ஒன்று. நம் வீட்டுப் பேச்சில் அந்த ஒரு தலைப்பே நூல் முழுவதுமாகிவிட்டது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த அவர், ஓர் உயிரைப் பற்றி அறியத்தக்கது இன்னும் நிரம்ப உண்டு என்று கருதினார்.

அறிந்தால் என்ன ஆகும்? இதற்குக் கடற்கரையை விட்டு, வடகிழக்கு மூலையிலுள்ள நாகாலாந்து மலைக்குச் சற்றுச் செல்ல வேண்டும். சைபீரியாவிலும் வட சீனத்திலும் வாழும் அமூர் வல்லூறு, இலையுதிர் காலத்தில் அங்குள்ள தொயாங் நீர்த்தேக்கத்தருகே பெருந்திரளாக இறங்கி இளைப்பாறி, பின்னர் இந்தியாவையும் அரபிக் கடலையும் கடந்து தென்னாப்பிரிக்கப் பகுதிக்குச் செல்கிறது. 2012-ஆம் ஆண்டு அங்கே ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வல்லூறுகள் வலையில் சிக்கிக் கொல்லப்பட்டதாக இயற்கை ஆர்வலர் மதிப்பிட்டனர். உலகமே அதிர்ந்தது. ஊர்ப் பெரியவர்களும் சமயத் தலைவர்களும் அரசினரும் மக்களோடு அமர்ந்து பேசினர். ஊரவையினர் தாமே தடை விதித்தனர். 2013-இல் வலைகள் விரிக்கப்படவில்லை. அவ்வாண்டு மூன்று பறவைகளுக்கு நாகா, பாங்தி, வோக்கா எனத் தம் இனத்தின் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் சூட்டிக் கருவி பொருத்தி விட்டனர். கடல் கடந்து அவை சென்ற வழியை ஊரார் நாள்தோறும் கேட்டறிந்தனர். நேற்றுவரை வலையில் விழும் இறைச்சியாக இருந்தது, பெயரும் பாதையும் உடைய பயணியாயிற்று. அம்மக்களின் பசியோ வருவாய்த் தேவையோ ஓராண்டில் மறைந்துவிடவில்லை. அவர்கள் அறிந்தது மாறியது. அதனால் அவர்கள் தம்மீது ஏற்றுக்கொண்ட கடமையும் மாறியது.

எனவே, அறிவு வெறும் அணிகலன் அன்று என்பது என் கருத்து. அது கடன் ஏற்றுகிறது. கரையில் நிற்கும் உள்ளான் எங்கிருந்து வந்தது என்று தெரியாத காலத்தில் அதனை உண்ட பாட்டனார்மீது பழியில்லை. அவருக்கு அது சேற்றில் முளைத்த உணவு. எனக்கு அது 7,000 கிலோமீட்டர் பறந்து, உடலின் கொழுப்பெல்லாம் கரைந்து, என் ஊர்ச் சேற்றை நம்பி இறங்கிய உயிர். ஸகாத்துக்கு உரியோரில் வழிப்போக்கரையும் மார்க்கம் சேர்த்துள்ளது. ஊரில் செல்வராயினும் வழியில் கையற்று நிற்பவருக்கு அந்த உரிமை உண்டு. தன் நாட்டில் பனிப்புயலையும் வெல்லும் பறவை, நம் கரையில் இறங்கும் அந்த ஒரு நாழிகையில் ஏழையினும் ஏழை. அந்த நாழிகையில் அதனைப் பிடிப்பது எளிது என்பதே, பிடிக்கத் தகாது என்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

"நான் உண்பது நாலு பறவை, அதனால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பார் உண்டு. கணக்கில் அவர் சொல்வது சரியே. நாலு பறவையால் ஓர் இனம் அழியாது. ஆனால், அவரைப் போன்றே சொல்லும் ஒவ்வொருவரின் கணக்கும் சரியாகவே இருக்கும். உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த, மெல்லிய வளைந்த அலகுடைய பெரிய கரைப்பறவை ஒன்று சைபீரியாவில் கூடு கட்டி, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் குளிர்காலம் கழித்து வந்தது. வேட்டையாலும் ஈரநிலங்களின் அழிவாலும் அது தேய்ந்தது. 1995-ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டுக் கடற்கழி ஒன்றில் அது கடைசியாக உறுதிபடக் காணப்பட்டது. முப்பது ஆண்டுத் தேடலுக்குப் பின் 2025-இல் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதனை அழித்தவர் யார்? எவரையும் சுட்ட முடியாது. பல நாட்டுக் கரைகளில் பலர் சிறிது சிறிதாக எடுத்தனர். எவரும் குற்றவாளியல்லர், குற்றம் மட்டும் நடந்துவிட்டது. தனித்தனியே பார்த்தால் கறையற்ற கைகள் சேர்ந்து செய்த பாவத்துக்கு யார் தவ்பாச் செய்வது? இக்காலத்தின் பெரும் அறச்சிக்கல்களுள் இதுவும் ஒன்று என்று நான் எண்ணுகிறேன்.

நம் கரைக்கும் இந்த எச்சரிக்கை உரியதே. கோடியக்கரையில் 1980-களில் எண்ணியவர்களும் பின்னர் எண்ணியவர்களும் சிறு கரைப்பறவைகள் வெகுவாகக் குறைந்துவிட்டதைப் பதிவு செய்துள்ளனர். நன்னீர் வரத்துக் குறைந்ததும், உப்பளங்கள் விரிந்து சதுப்பின் தன்மை மாறியதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இங்கே பெருவாரியாக வந்த, சற்றே வளைந்த அலகுடைய உள்ளான் இனம் 2024-இல் உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள இனங்களின் வரிசைக்கு மாற்றப்பட்டது. அது ஆண்டுக்கு ஒருமுறை மூன்று அல்லது நான்கு முட்டைகளே இடும். பனிவெளியில் லெம்மிங் என்னும் சிற்றெலிகள் குறைந்த ஆண்டில், பசித்த நரிகள் அக்கூடுகளைச் சூறையாடும். அவ்வாண்டு ஐப்பசியில் நம் கரைக்கு இளம்பறவைகள் அரிதாகவே வரும். சைபீரிய எலிக்கும் வேதாரணியச் சேற்றுக்கும் இப்படியொரு தொடர்பு! இச்சங்கிலியின் ஒரு கண்ணி நம் கையில் இருக்கிறது. மற்றக் கண்ணிகளைக் காப்போர் நம்மை ஒருபோதும் காணப்போவதில்லை.

இங்கே மூன்று மறுப்புகளுக்கு விடை கூற வேண்டும். முதலாவது, "நாள்தோறும் கோழியும் மீனும் அறுபடுகின்றன, உள்ளானுக்கு மட்டும் என்ன பரிவு?" என்பது. இது பரிவைப் பற்றிய வாதமன்று. கோழியை வளர்ப்பவன் உண்கிறான்; உண்டதற்கு ஈடாக மறுபடி வளர்க்கிறான். உள்ளானை வளர்த்தவர் நாமல்லர். குறைந்தால் ஈடுசெய்யவும் நம்மால் இயலாது. கடலுக்கும் இதே அளவுகோல்தான். குஞ்சு மீனை வாரும் வலையைக் குறைகூறாத மீனவர் உண்டோ?

இரண்டாவது, "வலை விரிப்பவன் ஏழை, அவன் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?" என்பது. இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைத் தடுக்கிறது. பிடிபடுபவன் பெரும்பாலும் வலை விரித்தவனே; வாசலில் நின்று விலை பேசி வாங்கியவர் தப்பிவிடுகிறார். அறத்தின் கணக்கில் வரிசை மாறவேண்டும். பசிக்காகப் பிடிப்பவனைக் காட்டிலும், வீட்டில் கோழியிருக்க நாவின் சுவைக்காக வாங்குபவரே முதலில் நிறுத்த வேண்டியவர். வாங்குவார் இல்லையேல் வலையும் இல்லை. அவனுக்கு வேறு பிழைப்புக் காட்டுவது ஊர்ப் பொதுவின் கடமை.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. "அறிவு கடமையை ஏற்றுகிறது என்றால், அறியாமலே இருந்துவிட்டால் நலமன்றோ?" என்பது. சட்ட அறிஞர் இதற்கு என்றோ விடை தந்துவிட்டனர். கற்கும் வாய்ப்பு எட்டும் தொலைவில் இருக்க, கல்லாமையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. கண்ணை மூடிக்கொள்வதும் ஒரு செயலே. அதற்கும் கேள்வி உண்டு.

ஒரே கையும் ஒரே வலையும் இருவேறு செயல்களாக மாறக்கூடும் என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். டாக்டர் சாலிம் அலி (1896–1987) சிறுவராக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, அஃது என்ன குருவி என்று கேட்க வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. விடை தேடி அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியது 1908-இல். பிற்காலத்தில் அவர் முன்னின்று நடத்திய இடம்பெயர்வு ஆய்வில் கோடியக்கரையும் பறவைகளுக்கு வளையமிடும் முக்கியக் களமாயிற்று. அப்பணிக்குப் பீகாரிலிருந்து மீர்ஷிகார்கள் எனப்படும் பரம்பரைப் பறவை பிடிப்போரைக் கழகத்தார் அமர்த்தினர். தலைமுறை தலைமுறையாக விற்பதற்குப் பிடித்த கைகள், இறகு ஒன்றும் உதிராமல் பிடித்து, எண் பொறித்த வளையத்தைக் காலிலிட்டு, வானில் விட்டன. வலையின் கண்கள் மாறவில்லை, நிய்யத் மாறிற்று. அந்த வளையத்துடன் பறவை சென்ற இடமெல்லாம் ஓர் அமானிதம் சென்றது. கண்டெடுப்பவர் கழகத்துக்கு அறிவிப்பார் என்னும் நம்பிக்கையே அந்த அமானிதம்.

மாணவனின் கேள்விக்கு என் விடையை இவ்வாறு தொகுத்துச் சொல்லலாம். உள்ளான் ஆகுமானதே, அதனை மாற்ற நாம் யார்? ஆனால், உனக்கு இன்று தெரிந்தது உன் வாப்பாவுக்கு அன்று தெரியாது. அவர் விடாததை நீ விடுவது அவரைப் பழிப்பதாகாது. அவருக்குக் கிடைக்காத அறிவுக்கு நீ நன்றி செலுத்துவதாகும். சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டும் விடுபவன், காவலர் இல்லாத சதுப்பில் விடமாட்டான். உள்ளம் இசைந்து விடுபவனுக்குக் காவலர் வேண்டியதில்லை.

வாசக நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையோர ஊர்களில் வாழ்வோர், ஐப்பசி பிறந்ததும் பிள்ளைகளை ஒருநாள் சேற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பறவைக்கு எட்டத்தில் நின்று, ஓசையின்றிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். உள்ளானையும் உப்புக்கொத்தியையும் பெயர் சொல்லிப் பிரித்தறியப் பழக்குங்கள். பெயர் தெரிந்த உயிரைக் கறியாக எண்ணுவது கடினம். பின்பு யாரேனும் மூடிய கூடையுடன் வாசலில் நின்று, உள்ளான் வேண்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டால், வேண்டாம் என்பதோடு நிறுத்திவிடாமல், ஏன் வேண்டாம் என்பதை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவரும் அறியட்டும், அறிந்தபின் அவருக்கும் அந்தக் கேள்வி பிறக்கட்டும்.